டாக்டர் வில்லியம் ரெயினி ஹார்ப்பர்

பட்டம் பெற்றவரெல்லாம் பாடஞ் சொல்ல வல்லவராவரோ என்னும் வினா, கலாசாலையின் இறுதி வகுப்பை நெருங்கிக்கொண்டிருக்கும் எம்மனோர்க்கு வெறும் வாதப்பொருள் அன்று. தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் எம்முடன் பயில்வோருட் பலர் பள்ளியாசிரியராதலையே கருத்தில் வைத்துள்ளனர். அவர்கள் பட்டம் பெற்ற பின்னரும் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தனிச் சான்று ஒன்றை அடைதல் வேண்டும். வீட்டு நிலை இடங்கொடாமையால் உடனே வேலை நாடவேண்டிய தோழர் சிலர், இன்னும் ஈராண்டு எங்ஙனம் கழிப்பது என ஏங்குவதை யாம் கண்டிருக்கின்றோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, பட்டம் பெற்ற ஒருவர் தம் இல்லத்திலிருந்தபடியே இணையவழியாகக் கல்வியியற் பாடங்களைக் கற்று ஆசிரிய உரிமச் சான்று பெறுதற்கு இன்று வழியுண்டு. அவ்வுரிமத்தை அங்கு ஒவ்வொரு மாகாணமும் தானே அளிக்கின்றது. பாடங்களை வீட்டிலிருந்து படிப்பினும், தேர்ந்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் மெய்யான பள்ளியறையிற் சிலகாலம் கற்பித்துக் காட்டுதல் வேண்டும் என்பதைப் பெரும்பாலான மாகாணங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

இவ்வழி கணினியோடு உடன்பிறந்தது என்று கருதுவோர் பலர். அஃது அவ்வாறன்று. இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் என்பார் 1840-இல் தபால்மூலம் சுருக்கெழுத்துக் கற்பித்தனர். பாஸ்டன் நகரில் அன்னா டிக்னர் என்னும் அம்மையார் 1873-ஆம் ஆண்டு முதலாக வீட்டிலிருந்த மாதர்க்குக் கடிதவழிக் கல்வி ஊட்டினர். எனினும், தபாற்பையிற் சென்ற கல்வியைச் சர்வகலாசாலையின் வாயிலுக்குள் அழைத்துவந்து, அதற்கு ஓர் இருக்கையும் இட்டவருள் தலையாயவர் சிகாகோ சர்வகலாசாலையின் முதல் தலைவராகிய டாக்டர் ஹார்ப்பர் ஆவர். அவர்தம் வாழ்க்கையை ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

ஒஹையோ மாகாணத்தில் நியூ கான்கார்ட் என்னும் சிற்றூரில் 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24-ஆம் நாள் ஹார்ப்பர் பிறந்தார். தந்தையார் சாமுவேல் ஹார்ப்பர் அவ்வூரிற் கடை வைத்திருந்தவர். குடும்பத்தினர் பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சார்ந்தோர். ஊரிலேயே மஸ்கிங்கம் என்னும் சிறு கலாசாலை இருந்தது பிள்ளையின் நற்பேறு என்றே கூறவேண்டும். பத்து வயதில் அதன்கட் புகுந்த சிறுவர் 1870-இல், தம் பதினான்காம் வயது நிறையுமுன்னரே, பட்டம் பெற்று வெளிப்போந்தார். பட்டமளிப்பு நாளில் அவர் நிகழ்த்திய வரவேற்புரை எபிரேய மொழியில் அமைந்திருந்தது. அப்பருவத்தில் யாம் நன்னூற் சூத்திரங்களோடு போராடிக்கொண்டிருந்தமையை நினைக்குங்கால் சிறிது நாணமே தோன்றுகின்றது!

பதினான்கு வயதுப் பட்டதாரிக்கு யார் வேலை கொடுப்பர்? தந்தையாரின் கடையில் மூன்றாண்டளவு நின்று பண்டம் நிறுத்துக் கொடுத்தார். ஊர் வாத்தியக் குழுவிற் கொம்பு ஊதினார். இடையிடையே மொழிகளைத் தாமே பயின்றதோடு, மஸ்கிங்கத்தில் ஒரு சிலர்க்கு எபிரேயமும் கற்பித்தார். அவர் கற்பித்தலை அறிந்தது அங்குத்தான். ஆசிரியப் பயிற்சிக் கலாசாலை எதனையும் அவர் மிதித்ததில்லை. உரிமச் சான்று எதனையும் பெற்றாரும் அல்லர்.

1873-இல் யேல் சர்வகலாசாலை சென்று, வில்லியம் டுவைட் விட்னி என்னும் பெரும் வடமொழிப் புலவரிடம் மாணவராயினர். இலத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம், காதிக் ஆகிய நான்கு மொழிகளிலும் பெயர்க்கு முன்னிற்கும் இடைச்சொற்களை ஒப்பிட்டு அவர் எழுதிய ஆராய்ச்சிக்கு 1875-இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. அப்பொழுது அவர்க்குப் பத்தொன்பது ஆண்டு நிரம்பவில்லை. ஈண்டு ஒன்று கூறாமற் செல்ல எமக்கு மனமில்லை. அவர் பிறந்த 1856-ஆம் ஆண்டிலேதான் கால்டுவெல் ஐயரின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் முதன்முறை வெளிவந்தது. அவர் டாக்டர் பட்டம் பெற்ற 1875-ஆம் ஆண்டிலேதான் அதன் இரண்டாம் பதிப்பும் வெளிவந்தது. இவ்விரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் மொழிகளை ஒன்றோடொன்று வைத்து நோக்கும் ஆர்வம் அக்காலத்தில் எத்துணைத் தொலைவிடங்களில் ஒருங்கே எரிந்துகொண்டிருந்தது என்பது இதனாற் புலனாம்.

பட்டம் பெற்ற அவ்வாண்டே மஸ்கிங்கம் தலைவரின் மகளாராகிய எல்லா பால் என்பாரை மணந்து, டென்னசி மாகாணத்து மேக்கன் என்னும் ஊரில் ஒரு பள்ளியின் தலைமை ஏற்றார். மறு ஆண்டு ஒஹையோவிலுள்ள டெனிசன் கலாசாலையின் ஆயத்தப் பள்ளிக்கு வந்தார். அக்கலாசாலையின் தலைவர் பெஞ்சமின் ஆண்ட்ரூஸ் இவ்விளைஞரின் திறமையைக் கண்டு ஊக்கியவர். இப்பெயரை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் இவர் மீண்டும் வருவார். அங்கிருந்த நாளில் ஹார்ப்பர் பாப்திஸ்து சபையிற் சேர்ந்தார். 1879-இல், இருபத்திரண்டாம் வயதில், சிகாகோ நகர்ப்புறத்து மார்கன் பார்க்கிலிருந்த பாப்திஸ்து வேதசாஸ்திரக் கலாசாலையில் எபிரேய ஆசிரியராக அமர்ந்தார்.

குருமாணவர்க்கு எபிரேயம் அக்காலத்திற் கசப்பு மருந்தாயிருந்தது. இலக்கண விதிகளை மனனம் பண்ணிப் பரீட்சை எழுதியபின், வேதபுத்தகத்தின் மூலத்தை மீண்டுந் திறவாதவரே மிகுதி. ஹார்ப்பர் இம்முறையைத் தலைகீழாக மாற்றினார். முதல் நாளிலேயே ஆதியாகமத்தின் முதல் வசனத்தை மாணவர் முன் வைப்பார். அவ்வொரு வசனத்திலுள்ள ஒவ்வோர் எழுத்தும், ஒவ்வொரு சொல்லும், சொல்லின் உறுப்பும் ஆராயப்படும். அடுத்த வசனத்தில் அவ்வுறுப்பு மீண்டும் வரும், மூன்றாவதிலும் வரும். விதியை மாணவர் தாமே கண்டுகொண்ட பின்னரே ஆசிரியர் அதற்குப் பெயரிடுவார். இம்முறையில் அவர் எழுதிய எபிரேயப் பாடநூல்கள் நெடுங்காலம் வழங்கின. சூத்திரத்தை முன்னும் செய்யுளைப் பின்னுமாகக் கற்ற எமக்கு, எம் இலக்கண வகுப்பையும் ஒருமுறை இவ்வாறு நடத்திப் பார்த்தால் என்ன என்று தோன்றாமலில்லை. ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

1881-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அவர் மார்கன் பார்க்கில் ஓர் எபிரேயப் பள்ளி கூட்டினார். வந்தவர் சிலரே, போதகரும் ஆசிரியருமாகத் தத்தம் ஊர்களிற் கடமையுடையோர். விடுமுறை முடிந்தது, அவர்கள் பிரிந்து செல்லவேண்டியதாயிற்று. கற்றது மறந்துபோகுமே என்ற கவலை அவர்கட்கும் இருந்தது, ஆசிரியர்க்கும் இருந்தது. இக்கவலையிலிருந்தே அவர்தம் தபால்வழிப் பள்ளி தோன்றியது.

அதன் நடைமுறையை விளக்குதல் நலம். பாடந்தோறும் ஒரு தாள் மாணவர்க்கு அனுப்பப்படும். அதில் எந்த வசனங்களைப் படிக்கவேண்டும், எவற்றை உற்றுநோக்கவேண்டும் என்னும் குறிப்புகள் ஒரு புறமும், விடையிறுக்கவேண்டிய வினாக்கள் மற்றொரு புறமுமாக இருக்கும். மாணவர் புத்தகத்தை மூடிவைத்து விடைகளை எழுதித் தம் ஐயங்களையுங் குறித்துத் தபாலில் அனுப்புவார். ஆசிரியர் பிழைகளைத் திருத்தி, ஐயங்களை நீக்கி, அதனைத் திருப்பியனுப்புவார். அதற்குள் அடுத்த பாடம் சென்று சேர்ந்திருக்கும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலை, செய்யுமிடத்துப் பெருஞ்சுமை. திருத்தவேண்டிய தாள்கள் வாரந்தோறும் பெருகின, உதவியாளர்களை அமர்த்தவேண்டியதாயிற்று. இதற்கிடையே 1882-இல் எபிரேய மாணவர்க்கென ஒரு பத்திரிகையையும் தொடங்கினார்.

கடிதவழிக் கல்வி நேர்வழிக் கல்விக்கு ஈடாகுமோ என்று அன்றே பலர் நகைத்தனர். ஹார்ப்பர் கூறிய விடை எண்ணத்தக்கது. வகுப்பறையில் ஆசிரியர் ஒரு வினாவை ஒருவரிடம் கேட்கின்றார், ஏனையோர் தப்பித்துக்கொள்கின்றனர். கடிதவழியிலோ ஒவ்வொரு மாணவரும் பாடம் முழுவதற்கும் விடையிறுத்தே தீரல்வேண்டும்; பக்கத்திலிருப்பவர் முதுகின்பின் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆதலின் இவ்வாறு கற்று முடித்தவர், அதே பாடத்தை வகுப்பிற் கற்றவரினும் அதனை நன்கறிந்திருப்பர் என்பது அவர் துணிபு. கடிதவழிக் கல்வி வகுப்பறைக் கல்வியினும் மிகுந்து நிற்கும் காலம் ஒன்று வரும் என்றும் அவர் முன்னறிந்து கூறினார். எனினும், ஆசிரியரின் நேர்முகத்தாற் பிறக்கும் ஊக்கம் தபாலில் வாராது என்பதை அவர் மறைக்கவில்லை. நேரிற் கற்க இயலுமாயின் நேரிலேயே கற்க என்பதும், இயலாதவர்க்கே இவ்வழி என்பதும் அவர் கொள்கை.

இவ்வெண்ணம் வளர்ந்து ஓங்கிய இடம் நியூயார்க் மாகாணத்து மேற்கெல்லையிலுள்ள ஷடாக்வா ஏரிக்கரை. ஞாயிறு பள்ளி ஆசிரியர்கட்குக் கோடையிற் பயிற்சியளிப்பதற்கென லூயி மில்லர், ஜான் வின்சென்ட் என்னும் இருவர் 1874-இல் அவ்விடத்து ஒரு கூட்டத்தைத் தொடங்கினர். ஆசிரியர் பயிற்சிக்கெனத் தோன்றிய அக்கூட்டம் சில ஆண்டுகளில் நாடு முழுவதும் வீட்டிலிருந்து படிப்போரின் பெருஞ்சங்கமாயிற்று. 1883 முதல் ஹார்ப்பர் கோடைதோறும் அங்கு எபிரேயம் கற்பித்தார். பின்னர் அதன் கலைக்கல்விப் பகுதிக்குத் தலைவருமாயினர். ஊர்ப்புறப் பள்ளிகளில் உழைக்கும் ஆசிரியரும் ஆசிரியைகளும் விடுமுறையின் சில வாரங்களை ஏரிக்கரையிற் கழித்து, எஞ்சிய திங்களெல்லாம் தபாலை எதிர்நோக்கியிருந்தனர். 1886-இல் யேல் சர்வகலாசாலை அவரைச் செமித்திய மொழிப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. பதினொரு ஆண்டுகட்கு முன் மாணவராய்ப் பிரிந்த வாயிலில் பேராசிரியராய்ப் புகுந்தார். தபால்வேலையும் அவரோடு சென்றது.

எண்ணெய் வாணிகத்தாற் பெருஞ்செல்வராகிய ஜான் ராக்பெல்லர், 1889-இல் சிகாகோவில் ஒரு கலாசாலைக்கென 6,00,000 டாலர் தர முன்வந்தார். மற்றவர் 4,00,000 டாலர் திரட்டுதல் வேண்டும் என்பது நிபந்தனை. பணமும் திரண்டது, மார்ஷல் பீல்டு என்னும் வணிகர் நிலமும் ஈந்தார். 1891-இல் ஹார்ப்பர் தலைமை ஏற்றார். சிறு கலாசாலை அன்று, முழுச் சர்வகலாசாலையே வேண்டும் என்று அவர் வற்புறுத்த, ராக்பெல்லர் மேலும் பத்து இலட்சம் டாலர் அளித்தார். 1892 அக்டோபர் முதல் நாள் கதவு திறந்தது. கட்டடவேலை அப்பொழுதும் முற்றவில்லை. கொண்டாட்டம் எதுவுமின்றி, பல ஆண்டுகளாக நடந்துவரும் கலாசாலைபோல் முதல் நாளே பாடங்கள் தொடங்கின.

புதிய சர்வகலாசாலையின் அமைப்பில் எம் கருத்தைக் கவர்ந்தவை இரண்டு. ஓராண்டை நான்கு காலாண்டாகப் பகுத்து, கோடையையும் ஒரு முழுப் பருவமாக்கினார். ஆதலின் தம் பள்ளி மூடியிருக்கும் திங்களில் ஆசிரியர் ஒருவர் வந்து கற்றுச் செல்ல இயன்றது. அடுத்தது, வெளிப்பரப்புக் கல்வியை ஓர் ஒட்டுவேலையாகக் கொள்ளாது, சர்வகலாசாலையின் ஐந்து பெரும்பிரிவுகளில் ஒன்றாகவே வைத்தார். தபால்வழிக் கல்வி அதன்பாற்பட்டது. தபாலிற் கற்ற பாடங்களும் பட்டத்திற்குக் கணக்கிடப்பட்டன. ஆயின் பட்டம் முழுவதையும் தபாலிலேயே பெற்றுவிட அவர் இடங்கொடுத்திலர். ஒரு பகுதியேனும் சிகாகோவில் நேரில் வந்து கற்றல் வேண்டும். கடிதவழிக் கல்வியின் பெரும் வழக்கறிஞரே அதற்கு எல்லையும் வகுத்தார் என்பது நோக்கத்தக்கது.

ஆசிரியர்க்கு ஆவன செய்வதில் அவர் அத்துடன் அமையவில்லை. 1894-இல் ஜான் டூயி என்னும் தத்துவ அறிஞரைச் சிகாகோவிற்கு அழைத்துக் கல்வியியலையும் அவர் பொறுப்பில் விட்டார். டூயி 1896-இல் சர்வகலாசாலையைச் சார்ந்த ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். 1898-இல் நகர நடுவில் ஆசிரியர்க்கெனவே ஒரு கலாசாலை திறக்கப்பெற்றது. பகலெல்லாம் பாடஞ்சொல்லிக் களைத்த ஆசிரியைகள் மாலையிலும் சனிக்கிழமையிலும் அங்கு வந்து பட்டத்திற்குப் படித்தனர்.

இனிக் கூறப்போவது அவர்க்குப் புகழ் தந்ததன்று. எனினும் அதனை மறைத்துப் போற்றியுரை எழுதுதல் எமக்கு உடன்பாடன்று. 1898-இல் சிகாகோ நகரத் தலைவர் பள்ளிகளின் சீர்திருத்தத்திற்கு ஒரு குழுவை அமைத்து, ஹார்ப்பரை அதன் தலைவராக்கினார். மறு ஆண்டு அறிக்கை வெளிவந்தது. பள்ளிகளின் கண்காணிப்பாளர்க்கு மிக்க அதிகாரம் வேண்டும், ஆசிரியராக வருவோரின் கல்வித் தகுதி உயரவேண்டும், உயர்தரப் பள்ளிகளிற் கலாசாலைப் பட்டதாரிகள் வேண்டும் என்றெல்லாம் அது கூறியது. ஆடவரைப் பள்ளிகட்கு ஈர்த்தற்பொருட்டு அவர்கட்கு மிகுந்த சம்பளம் தருதல் நன்று என்றும் கூறியது. நகரின் தொடக்கப் பள்ளிகளில் உழைத்தவர் பெரும்பாலும் மாதர். அவர்தம் சம்பளமோ நெடுநாள் உயராதிருந்தது. 1897-இல் அவர்கள் கூடித் தங்கட்கென ஒரு சங்கம் அமைத்திருந்தனர். மார்கரெட் ஹேலி, காதரின் காகின் என்னும் அம்மையார் இருவர் அதனை முன்னின்று நடத்தினர். பட்டம் இல்லை என்னும் ஒன்றையே காட்டித் தம் பல்லாண்டு அனுபவத்தைத் தாழ்த்துவதாக அவர்கள் அவ்வறிக்கையைக் கண்டனர். அதனைத் தழுவிய மசோதா 1899-இல் இல்லினாய் மாகாணச் சட்டசபைக்கு வந்தபொழுது அவர்கள் செய்த எதிர்ப்பினால் அது வீழ்ந்தது.

ஹார்ப்பரின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. கட்சிக்காரர் பரிந்துரையால் நியமனம் பெறும் வழக்கத்தை ஒழிக்கவேண்டுமாயின், தகுதியை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். பட்டமும் பரீட்சையும் அவ்வளவுகோலாகும் என்று அவர் கருதினார். ஆயின் சான்றேதும் இன்றித் தாமே வகுப்பறையிற் கற்பித்தலைக் கற்றுக்கொண்டவர், அவ்வாறே கற்ற ஆயிரக்கணக்கான ஆசிரியைகளின் சொல்லைக் கேளாது விட்டது வியப்பே. பதினான்கு வயதில் எளிதிற் பட்டம் பெற்றவர்க்கு, நாற்பது வயதிற் பட்டத்திற்குப் படிப்பதன் வருத்தம் முழுதும் விளங்கவில்லை போலும்!

இப்பூசலின் நடுவே நின்றவர் எல்லா பிளாக் யங் என்னும் அம்மையார். 1862 முதல் சிகாகோப் பள்ளிகளிற் பணிசெய்தவர். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் தேறியவரேயன்றிக் கலாசாலைப் பட்டம் பெற்றவர் அல்லர். படிப்படியாக உயர்ந்து துணைக் கண்காணிப்பாளராயிருந்தார். அப்பொழுது நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக வந்திருந்தவர், ஹார்ப்பரை முன்னாளில் டெனிசனில் ஊக்கிய அதே ஆண்ட்ரூஸ். அவரோடு கருத்து ஒவ்வாமையால் யங் அம்மையார் 1899-இற் பதவியைத் துறந்தார். துறந்தவர் எங்குச் சென்றார்? ஹார்ப்பரின் சர்வகலாசாலைக்கே சென்றார். முன்னரே டூயியின் வகுப்பிற் பயின்றுவந்த அவர்க்கு அங்கேயே கல்வியியல் கற்பிக்கும் பதவியும் கிடைத்தது. 1900-இல், ஐம்பத்தைந்தாம் வயதில், டாக்டர் பட்டமும் பெற்றார். பத்தொன்பதுக்கு முன் டாக்டரானவரின் கலாசாலையில் ஐம்பத்தைந்தில் ஒருவர் டாக்டரானதை எண்ணும்பொழுது எம் உள்ளம் மகிழ்கின்றது. கதவைத் திறந்துவைத்தவர் என்னும் பெருமை ஹார்ப்பர்க்கு உரியதே.

அவர்தம் இறுதி ஆண்டுகள் துன்பம் நிறைந்தவை. ஆசிரியப் பயிற்சிக்கெனப் பல நிறுவனங்களை 1901-இல் ஒன்றாக்க முயன்றதில் மனக்கசப்பு விளைந்து, 1904-இல் டூயி சிகாகோவை விட்டு நீங்கினார். அவ்வாண்டிலேயே ஹார்ப்பரின் உடலிற் புற்றுநோய் இருத்தல் புலப்படலாயிற்று. 1905-இல் நடந்த சத்திரசிகிச்சை நோயை அகற்றவில்லை; தீராது என்பதை மருத்துவர் அவரிடம் மறையாமற் கூறினர். அவர் வேலையை நிறுத்தினாரில்லை. ஆமோஸ், ஓசியா என்னும் தீர்க்கதரிசிகளின் நூல்கட்குத் தாம் எழுதிய பெரிய விரிவுரையை அவ்வாண்டே வெளியிட்டார். தம் நல்லடக்க ஆராதனை எங்ஙனம் நடைபெறவேண்டும் என்பதையும் தாமே வகுத்து வைத்தார். 1906 ஜனவரி 10-ஆம் நாள், ஐம்பதாம் ஆண்டு நிறையுமுன், உயிர் நீத்தார். அவர் பெயரால் எழுந்த நூல்நிலையம் 1912-இல் திறக்கப்பெற்றது. தபால்வழிப் பகுதி அவர்க்குப் பின்னும் பல்லாண்டு நடந்துவந்தது.

யங் அம்மையாரைப் பற்றி ஒன்று எஞ்சியுள்ளது. 1905-இல் அவர் சிகாகோ ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் தலைமையை ஏற்றார். 1909-இல், ஆண்ட்ரூஸ் முன்பு வீற்றிருந்த அதே நாற்காலியில், நகரப் பள்ளிகள் அனைத்திற்கும் கண்காணிப்பாளராக அமர்ந்தார். அமெரிக்கப் பெருநகர் ஒன்றின் பள்ளிகட்குத் தலைமை பூண்ட முதற் பெண்மணி அவரே.